எட்டு அங்குலம் உள்ளே

என் மனைவி ரெனே தட்டு வீசிச் சம்பாதிக்கிறவள். டிஸ்க் கால்ஃப் என்றால் நெப்ராஸ்காவில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பூங்காவுக்குப் பூங்கா சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள் நிற்கின்றன, ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் அங்கேதான். குறைந்த வீச்சுகளில் தட்டைக் கூடைக்குள் போடுகிறவர் ஜெயித்தவர். ஆனால் அதற்குப் பணம் தருகிறார்கள் என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எங்கள் பல் டாக்டர் அவள் வாய்க்குள் கண்ணாடியை விட்டுவிட்டுத்தான் கேட்பார், இதில் எவ்வளவு வரும் என்று. அவளும் அந்த வாயோடு ஏதோ சொல்வாள். அவர் தலையாட்டிக்கொள்வார்.

கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. பெண்கள் பிரிவில் இருபத்தைந்து பேர் ஆடுகிற போட்டி என்றால் முதலிடத்துக்கு ஐயாயிரம் டாலர் வரும். அங்கிருந்து தொகை மளமளவென்று இறங்கி, பதினோராவது இடத்தில் முந்நூறு சொச்சத்தில் நின்றுவிடும். பன்னிரண்டாவதாக வந்தவள் கூடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டி ஏற வேண்டியதுதான். இத்தனைக்கும் ஆட வருகிற ஒவ்வொருத்தியும் முன்கூட்டியே இருநூறு டாலர் கட்டித்தான் வருகிறாள். தோற்பதற்கும் காசு கட்டுகிற தொழில் இது ஒன்றுதான் என்று நான் சொல்வேன். "கல்யாணத்த விட்டுட்டியே" என்பாள் ரெனே.

அவள் முன்பு ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். நல்ல கை. குத்தியதே தெரியாது என்று கிழவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். முப்பத்திரண்டு வயதில் அதை விட்டாள். நானும் ஏசி, ஹீட்டர் பழுது பார்க்கிற வேலையை விட்டேன். ஒரு பிளம்பரிடமிருந்து பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னால் பலகை அடித்து மெத்தை போட்டோம். எனக்கு உயரம் ஆறடி இரண்டு அங்குலம், மெத்தைக்கு ஐந்தடி பத்து. நான்கு வருடம் முழங்காலை மடக்கியே தூங்கினேன்.

போட்டிகளில் அவளுடைய பை வண்டியைத் தள்ளுவது என் வேலை. இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி, இருபத்துச் சொச்சம் தட்டு, தண்ணீர், துண்டு. தட்டு எங்கே விழுகிறது என்று முன்னால் ஓடிப் பார்ப்பதும், காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதும், அவள் திட்டினால் வாங்கிக்கொள்வதும் அதில் அடங்கும். மற்ற பெண்கள் என்னைச் செல்லமாகக் கோவேறு கழுதை என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, கழுதைக்காவது வைக்கோல் உண்டு.

போன ஜனவரியில் ரெனேயே ஒரு பேச்சு எடுத்தாள். நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எங்கள் இருவருக்கும் முப்பத்தாறு ஆகியிருந்தது. குழந்தை பற்றிப் பேசுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளாகவே சொன்னாள்:

"இந்த வருஷம் பரிசுப் பணம் மட்டும் பன்னெண்டாயிரம் வரணும். மாசம் ஆயிரம். டிஸ்க் வித்தது, க்ளாஸ் எடுத்தது எதையும் சேர்க்கக் கூடாது. வந்துச்சுன்னா இன்னும் ஒரு வருஷம். வரலைன்னா வீடு. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன், நீயும் கொண்டாடக் கூடாது."

சரி என்றேன். எனக்கு வீடு வேண்டும். அதை நான் சொல்லவில்லை, ஆனால் பதினைந்து வருடம் கூடவே இருக்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

அந்த வருடம் அவள் ஆடிய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். டெக்ஸஸில் காற்று கிழித்துப் போட்டது, ஒரே ஒரு வீச்சில் பன்னிரண்டாவது இடம், வெறும் கை. விஸ்கான்ஸினில் மூன்றாவதாக வந்து இரண்டாயிரத்து நூறு வாங்கினாள், அன்றைக்கு வேனுக்குள்ளேயே ஆடினாள். நடுவில் இருநூற்று எண்பது, நானூறு, அறுநூற்று நாற்பது என்று சில்லறை சில்லறையாகச் சேர்ந்தது. பெட்ரோல் பங்க்கில் வாங்கிய ஆறிப்போன பீட்சாவைத் தின்றபடி எவளெவள் எந்த இடம் என்று போனில் பார்த்துக்கொண்டே இருபதாயிரம் மைல் ஓட்டியிருக்கிறோம். அக்டோபரில் மிசௌரி ஆற்றங்கரையில் கடைசிப் போட்டிக்கு வரும்போது கையில் பதினோராயிரத்து நூற்றைம்பது. வேண்டியது எண்ணூற்று ஐம்பது. ஏழாவது இடத்துக்கு எண்ணூற்று எழுபது, எட்டாவதுக்கு எண்ணூறு என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

ஊர் ஆஸ்பத்திரியில் அவளுடைய பழைய இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கடைசிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை.

காலையில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுடைய குழுவில் மூன்று பேர். ஒருத்தி பிரிட்டா, இருபது வயது, மினசோட்டாக்காரி. வருடம் முழுக்க எங்கள் வேனில் சில்லி என்கிற இறைச்சி பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டு வளர்ந்தவள். இன்னொருத்தி ஜோயெல், வாயே திறக்காத ஆள். பதினேழு கூடைகள் முடிந்தபோது ரெனேயும் பிரிட்டாவும் சமம். ஜோயெல் இரண்டு வீச்சு பின்னால். முன்னால் ஆடி முடித்துப் போனவர்கள் எல்லோரும் இவர்களுக்குக் கீழே, கடைசியாக ஆடி வருகிற முதல் ஆறு பேரை இனி எட்டிப்பிடிக்க முடியாது. ஏழும் எட்டும் எங்கள் குழுவுக்குள்ளேயே முடிவாக வேண்டும்.

சமமாக முடிந்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமம் என்றால் இரண்டு இடத்துப் பணத்தையும் கூட்டிப் பாதி பாதி தருவார்கள். ஆளுக்கு எண்ணூற்று முப்பத்தைந்து. பதினைந்து டாலர் குறையும். அவளுக்குச் சமம் போதாது, கடைசிக் கூடையில் பிரிட்டாவை முந்தியே ஆக வேண்டும்.

பதினெட்டாவது கூடை சின்ன மேட்டின் மேல் இருந்தது. பிரிட்டாவின் இரண்டாவது வீச்சு புதரில் போய் விழுந்தது. மூன்றாவதில் கூடையடிக்கு வந்துவிட்டாள், நான்கில் முடிப்பாள் என்பது உறுதி. ரெனேயின் இரண்டாவது வீச்சு மரத்தில் உரசித் திரும்பி, மேட்டுச் சரிவில் உருண்டு நின்றது. உள்ளே போட்டால் மூன்று. மூன்று என்றால் ஏழாவது இடம், இன்னும் ஒரு வருடம்.

கூடையைச் சுற்றிப் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு வட்டம் உண்டு. கோடு கிழிக்க மாட்டார்கள், அங்கங்கே கம்பிக் கொடி குத்தி வைப்பார்கள். வட்டத்துக்கு வெளியே நின்றால் வீசும்போதே ஓரடி முன்னால் வைத்து உடம்பை முழுக்கச் செலுத்தலாம். வட்டத்துக்குள் என்றால் வீசிவிட்டு நின்ற இடத்திலேயே நிலையாக நிற்க வேண்டும், முன்னால் கால் வைத்தால் ஒரு வீச்சு தண்டம். ரெனேக்கு நின்றபடி வீசுவது எப்போதுமே தகராறு. அடி வைத்து வீசினால் அவளை அடிக்க ஆள் கிடையாது.

நான் தட்டைத் தேடி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். சரிவில் சக்கரம் ஒரு கம்பிக் கொடியில் சிக்கிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதை எடுத்து மறுபடி குத்தி வைத்துவிட்டுப் போனேன். கையோடு கையாகச் செய்த வேலை, அந்த நேரத்தில் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை. ரெனேயின் தட்டு அந்தக் கொடிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் வந்து தட்டின் முன்னால் சின்ன அடையாள வில்லையை வைத்துவிட்டுத் தட்டை எடுத்தாள்.

"உள்ளயா வெளியவா?" என்றாள்.

கொடியைப் பார்த்தேன். வில்லை அதற்கு ஒரு சாண் வெளியே இருந்தது. "வெளிய," என்றேன். "தாராளமா அடி வெச்சுப் போடு."

காற்று முகத்தில் அடித்தது. அவள் மூன்று தடவை கையை ஆட்டிப் பார்த்தாள், நிறுத்தினாள், பேன்ட்டில் விரலைத் துடைத்தாள். பிறகு அடி வைத்து வீசினாள். சங்கிலி முழுக்கக் குலுங்கித் தட்டு கூடைக்குள் விழுந்தது. நான் வண்டியை விட்டுவிட்டேன், அது உருண்டு போனது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கணத்தில் நான் சந்தோஷப்பட்டேன். அது பொய்யில்லை.

"ரெனே," என்றாள் பிரிட்டா. "மன்னிச்சிடு. நீ வட்டத்துக்குள்ள இருந்த. அடி வெச்சிட்ட."

ரெனே கொடியைக் காட்டினாள். பிரிட்டா கொடியைப் பார்க்கவில்லை. அவள் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் தூரம் குறைவாகத் தெரிந்தது, எட்டு வைத்து அளந்தும் பார்த்துவிட்டாள், தன் காலுக்குப் பதினொன்று வர வேண்டியது பத்துதான் வருகிறது என்றாள். இந்த ஆட்டத்தில் நடுவர் கூடவே வருவதில்லை. குழுவில் ஒருத்தி தவறு என்றால் இன்னொருத்தி ஆமாம் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் தண்டம். எல்லோரும் ஜோயெலைப் பார்த்தோம். அவள் தன்னுடைய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"முப்பத்தஞ்சு டாலருக்காகவா பிரிட்டா?" என்றேன் நான். சொல்லியிருக்கக் கூடாது. பிரிட்டாவின் கண் நிறைந்துவிட்டது.

"வெர்லின், நீ வாய மூடு," என்றாள் ரெனே. "டேப்பக் கொண்டு வரச் சொல்லுங்க."

போட்டி நடத்துகிற மெர்ல் டேப்போடு வந்தார். அறுபது வயது, தொப்பிக்குள் எப்போதும் ஒரு பென்சில். பத்து மீட்டர் என்பது எங்கள் அளவில் முப்பத்திரண்டு அடி பத்து அங்குலம். கூடைத் தண்டிலிருந்து வில்லை வரைக்கும் டேப்பை இழுத்துப் பிடித்தார். முப்பத்திரண்டு அடி இரண்டு அங்குலம். எட்டு அங்குலம் உள்ளே.

ரெனே குனிந்து டேப்பிலிருந்த எண்ணைத் தானே ஒருமுறை படித்தாள்.

மெர்ல் எங்கள் கொடியை அளந்தார். அது ஓரடிக்கும் மேலே உள்ளே தள்ளி இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு கொடிகளையும் அளந்தார். ஒன்று சரியாக இருந்தது, இன்னொன்று ஆறு அங்குலம் தப்பு. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "எங்க பசங்க காலைல ஒழுங்கா வைக்கல போலருக்கு," என்றார். "நாங்க நட்ட கொடிய நம்பி அவ நின்னிருக்கா. அது எங்க தப்பு, அவளோடது இல்ல. மூணுன்னே எழுதுங்க."

பிரிட்டா சரி என்று தலையாட்டினாள். உண்மையிலேயே அவளுக்கு நிம்மதியாக இருந்தது போலத்தான் தெரிந்தது. ரெனே மூச்சை விட்டாள். மெர்ல் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வழக்கத்துக்காகக் கேட்பது போலக் கேட்டார்:

"கொடிய யாரும் தொடலியே?"

யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சும்மா இருந்திருந்தால் மூன்று, ஏழாவது இடம், பன்னிரண்டாயிரத்து இருபது டாலர், இன்னும் ஒரு வருடம் வேன்.

"என் வண்டி பட்டுப் பிடுங்கிக்கிச்சு," என்றேன். "நான்தான் திருப்பிக் குத்தினேன்."

ரெனே மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மெர்ல் பெருமூச்சு விட்டார். "குத்தும்போது தள்ளிக் குத்திட்டியா?"

"இருக்கும்," என்றேன்.

அவ்வளவுதான். பை தூக்குகிற ஆள் செய்த தப்பு ஆட்டக்காரியின் தலையில்தான் விடியும், அதில் வாதாட இடமில்லை. மெர்ல் நான்கு என்று எழுதச் சொன்னார். மூன்று பேரும் ஸ்கோரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஜோயெல் என் தோளைத் தட்டி, நேர்மையான ஆள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரிட்டா ரெனேயைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரெனே அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, நீ சரியாகத்தான் சொன்னாய் என்றாள். பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் எனக்குக் கைதட்டினார்கள். இந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

பரிசளிப்பு முடியும்போது நாலரை மணி. எண்ணூற்று முப்பத்தைந்துக்குச் செக் கொடுத்தார்கள். மொத்தம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். நான் பையை உள்ளே ஏற்றினேன். அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேச ஆரம்பித்தபோது குரல் சாதாரணமாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மூணு வாரமா இங்க மழை இல்ல," என்றாள். "காலைல நான் நடந்து போகும்போது மெர்லோட பசங்க அந்தக் கம்பிய சுத்தியல வெச்சு அடிச்சிட்டிருந்தாங்க. ரெண்டு கம்பி வளைஞ்சே போச்சு. தரை அவ்ளோ கெட்டி."

நான் பையின் வாரை இழுத்துக் கட்டினேன்.

"நீ எதை வெச்சு அடிச்ச வெர்லின்?"

"அடிக்கல," என்றேன். "கையாலதான்."

"கையால."

"ம்."

"உள்ள போச்சா?"

"போச்சு."

அவள் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினாள். இரண்டாவது ஷூவையும் கழற்றித் தட்டினாள். அந்தத் தரையில் கையால் குத்திக் கம்பி இறங்கியிருக்கிறது என்றால் அது ஏற்கெனவே இருந்த ஓட்டையில்தான் இறங்கியிருக்க வேண்டும். கொடி காலையிலிருந்தே தப்பான இடத்தில்தான் நின்றிருக்கிறது. நான் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. மெர்ல் சொன்னதுதான் சரி, அவள் போட்டது மூன்றுதான்.

"பிடுங்கினத நீ சொன்னது சரி," என்றாள். "சொல்லாம இருந்திருந்தா நானே உன்னை விட்டிருக்க மாட்டேன். ஆனா அவர் தள்ளிக் குத்தினியான்னு கேட்டாருல்ல. அதே ஓட்டையிலதான் போச்சுன்னு ஏன் சொல்லல?"

பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. பதற்றத்தில் தோன்றவில்லை என்று சொல்லியிருக்கலாம், பாதி நம்பியிருப்பாள். ஆனால் கம்பி லேசாக இறங்கியது என் விரலுக்குத் தெரியும். மெர்ல் கேட்டபோதும் அந்த விரல் ஞாபகம் எனக்கு இருந்தது.

"எனக்கு வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு ரெனே," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ரத்தம் எடுக்கும்போது நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொள்வாளே, அப்படி ஆட்டினாள். மெர்லுடைய வண்டி இன்னும் அங்கேயே நின்றிருந்தது, அவர் கூடைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். அவள் ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட்டாயிற்று என்றாள். அதற்கப்புறம் யாராலும் மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும்.

"அங்க எல்லாரும் உனக்குக் கை தட்டினாங்க," என்றாள். "நானும் தட்டினேன். பாத்தியா?"

பார்த்திருந்தேன்.

சாவியை என் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் காலையில் தானே போன் செய்துகொள்வதாகச் சொன்னாள். நான்கு வருடமும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வழி சொல்லி வந்தவள், முன்கதவைத் திறக்கவில்லை. பின்னால் ஏறி மெத்தையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வண்டியை எடுத்து வடக்கே போகிற சாலையில் ஏற்றினேன். வீடு முந்நூறு மைல். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, வழி சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.